நாலாவது கரண்டி

ஹுக்கோல் சுரங்கக் குடியிருப்பு
12 நவம்பர் 1974

அன்புள்ள கும்ஜா அக்காவுக்கு,

ஊரெல்லாம் தூங்குகிற நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் விளக்கைத் திட்டு. இன்று காற்று மலைப்பக்கமிருந்து திரும்பி அடிக்கிறது. அப்படி அடித்தால் தரைக்கடியில் எரிகிற கரியின் புகை அறைக்குள் வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே வராது. ஜன்னலை விரலளவு திறந்து வைத்துவிட்டு, சுஜின் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் தூக்கத்திலேயே என் கையைத் தட்டிவிடுகிறாள். ஒன்றரை வயதுக்குள் உன் குணம் வந்துவிட்டது.

என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. சுஜின் பிறந்தபோது நான் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. மூன்று வருஷ மௌனத்துக்குப் பிறகு கெட்ட செய்தியோடு எழுதுகிறேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். எழுத வேறு யாரும் எனக்கு இல்லை.

சுஜின் அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது. போன வாரம் காலை ஷிப்டில் மேலேயிருந்த பாறை சரிந்து அவருடைய வலது காலில் விழுந்தது. கூட வேலை செய்தவர்கள் இழுத்துப் போட்டதால் உயிர் தப்பினார். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கீறித் தைத்திருக்கிறார்கள். புண் ஆறாவிட்டால் இன்னொரு ஆபரேஷன், அதில் காலை எடுக்கவேண்டி வரலாம் என்கிறார் டாக்டர். சுரங்கத்துக்குள் இனி இறங்க முடியாது. வீடு கம்பெனியுடையது. வசந்த காலத்துக்குள் இந்த வீட்டில் ஒருவராவது கம்பெனி வேலையில் இல்லையென்றால் காலி செய்யச் சொல்வார்கள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். குழாயடியைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மா காணிக்கை அரிசி எடுப்பாளே, நினைவிருக்கிறதா? அரிசி களைவதற்கு முன்னால் ஆளுக்கொரு கரண்டி, பெயரைச் சொல்லித் துணிப்பையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவாள். நானும் அதைத்தான் செய்கிறேன். இங்கே சுரங்கத்துப் பெண்களுக்கு வேறு சில கட்டுப்பாடுகள் உண்டு. புருஷன் வேலைக்குப் போகிற காலையில் நாலு முறை சோறோ அரிசியோ அள்ளக்கூடாது. நாலு இங்கே சாவின் எண். வாசலில் அவன் செருப்பை உள்பக்கம் பார்த்துத்தான் வைக்கவேண்டும், திரும்பி வருவதற்காக. நான் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவள். 'ஆண்டவருக்கு எண்ணத் தெரியாதா என்ன?' என்று குழாயடியிலேயே பிரசங்கம் செய்தவள்.

விபத்து நடந்த அன்று காலை பக்கத்து வீட்டு மல்சுன் அம்மா சட்டி இரவல் வாங்க வந்திருந்தாள். நேற்று எல்லார் முன்னாலும் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "என் கண்ணால பார்த்தேன். நாலு கரண்டி அள்ளின. புருசன் கீழ இறங்குற நாள்ல நாலு! காலேஜ் படிச்சவளுக்குச் சாவு பயமா என்ன, அது நமக்குத்தானே?"

எனக்கு முன்னால் இருந்தவள் தன் வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

நான் என்ன செய்யட்டும், அக்கா?

உன் தங்கை
யொன்ஜு

•

சியோல், கூரோ
19 நவம்பர்

யொன்ஜு,

கடிதம் கிடைத்தது. நீ மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம். நானும் இரவு ஷிப்ட் முடித்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று எழுது. புண் நாற்றமடிக்கிறதா? இங்கே எங்கள் விக் தொழிற்சாலையில் ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறி அப்படித்தான் ஆயிற்று. டாக்டரைச் சும்மா விடாதே. படித்தவள்தானே, கேள்வி கேள்.

இரண்டாவது. நான் ராத்திரியும் பகலும் மயிரைக் கோத்துக் கோத்து உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினேன். நீ கோடை விடுமுறையில் சுரங்கத்துப் பிள்ளைகளுக்குப் பைபிள் கதை சொல்லப் போகிறேன் என்று போய், கரி பூசின ஒருத்தனைக் கட்டிக்கொண்டாய். கல்யாணத்துக்கு வரவில்லை என்கிறாய். வந்திருந்தால் அங்கேயே உன்னை அடித்திருப்பேன், அதனால்தான் வரவில்லை.

அந்தக் காணிக்கை அரிசியைப் பற்றி என்னிடம் பேசாதே. போரில் எல்லாம் போய், கஞ்சிக்கே அரிசி இல்லாத வீட்டில் அம்மா அதிலும் ஒரு கரண்டி எடுத்துச் சர்ச்சுக்குக் கொடுப்பாள். நீ சின்னவள், உனக்குப் பசி நினைவில்லை. எனக்கு இருக்கிறது. அவ்வளவு கொடுத்தும் அம்மா நாற்பது வயதைத் தாண்டவில்லை. உன் ஆண்டவர் அந்தப் பாறைக்கடியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டு எழுது.

மூன்றாவது, முக்கியமானது. எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்களுக்கு மாலைப் பள்ளி ஆரம்பிக்கிறார்கள். ஆசிரியை வேண்டும். மேலாளரிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். சந்திரப் புத்தாண்டு வரை வேறு யாரையும் எடுக்கமாட்டார். என் அறையில் இன்னொரு மெத்தை போட இடம் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. அவர் நடமாட ஆரம்பிக்கிற வரை தன் அண்ணன் வீட்டில் இருக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்தேன். நீங்கள் மூன்று பேர்தானே? எதற்கு நாலு கரண்டி? மறுபடி வயிற்றில் இருக்கிறதா? இருந்தால் என்னிடம் மறைக்காதே.

கும்ஜா

•

ஹுக்கோல்
30 நவம்பர்

அன்புள்ள அக்கா,

வயிற்றில் ஒன்றும் இல்லை. காய்ச்சல் மாலையில் மட்டும் வருகிறது. புண் நாற்றமடிக்கிறது. டாக்டரிடம் நீ சொன்ன மாதிரியே கேள்வி கேட்டேன். "உங்க வீட்டுல வக்கீல் யாராவது இருக்காங்களா?" என்றார். "விக் தைக்கிற அக்கா இருக்காங்க" என்றேன்.

குளிர்கால கிம்ச்சி போடுகிற வாரம் இது. வரிசை வீடுகளில் எல்லாரும் கூடி ஒரு வீடு விட்டு ஒரு வீடு போய்ப் போடுவார்கள். ஒரு வாசலில் முட்டைக்கோஸ் மலை மாதிரி குவிந்திருக்கும், மிளகாய்த் தூளில் கை சிவந்து, ஒருத்தி வாயில் ஒருத்தி ஊட்டிக்கொண்டு ஒரே சத்தம். இந்த வருஷம் என்னை யாரும் கூப்பிடவில்லை. என் முட்டைக்கோஸை நான் மட்டும் உப்பில் போட்டேன். சுஜின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இலைக்கும் "ஆ" என்று வாயைத் திறந்தாள். ஊட்டுவதற்கு அவள் இருந்தாள்.

ஆலயத்திலிருந்து உபதேசியார் அம்மா வந்தார். இந்தச் சின்னச் சபையை நடத்துகிறவர் அவர்தான். கையில் ஒரு பை. காணிக்கை அரிசி. இல்லாத வீடுகளுக்கு அது போகும் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ தடவை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்கு வரும் என்று நினைத்ததே இல்லை. முகமெல்லாம் சுட்டது. "எனக்கு எதுக்கும்மா, இன்னும் கஷ்டப்படறவங்களுக்குக் குடுங்க" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் அரிசிப் பானையைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுச் சொன்னார்: "குடுக்கறப்ப மட்டும் ஆண்டவர் நல்லவரு, வாங்கறப்ப இல்லையா? இதுல நீ போட்ட அரிசியும் இருக்கு. உங்க அக்கா பேருக்குப் போட்டதும் இருக்கு. பேசாம வேக வை."

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. நாலாவது கரண்டி உன்னுடையது, அக்கா. கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து. முதலில் இரண்டு பேருக்கும் உனக்குமாக மூன்று, சுஜின் வந்தபிறகு நாலு. உபதேசியார் அம்மாவுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். நீ பேசாமல் போனபோது உன் பெயரைச் சத்தமாகச் சொல்ல எனக்கு அந்த ஓர் இடம்தான் இருந்தது.

அந்த அரிசியைச் சமைத்தேன். எத்தனை வீட்டு அரிசி! பழையது, புதியது, நொய், பார்லி, யாரோ அரிசி இல்லாமல் போட்ட கருப்பு அவரை. பாதி குழைந்தது, பாதி கல்லாக நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சுஜின் அப்பா ஒரு வாய் மென்றுவிட்டு, "இந்த வேகாத அரிசி யார் வீட்டுது தெரியுமா? நம்ம சபை மூப்பர் பே வீட்டுது. அவர் ஜெபமும் இப்படித்தான், எவ்வளவு நேரம் ஆனாலும் வேகாது" என்றார். அடிபட்டபிறகு அன்றுதான் சிரித்தார்.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. விபத்து நடந்த நாளிலிருந்து நான் மூன்று கரண்டிதான் எடுக்கிறேன். மல்சுன் அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்றாவது கரண்டிக்குப் பிறகு கை நின்றுவிடுகிறது. கை சொல்வதைத்தான் நான் கேட்கிறேன்.

மாலைப் பள்ளி வேலைக்கு நன்றி. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.

யொன்ஜு

•

கூரோ
9 டிசம்பர்

யொன்ஜு,

யாரைக் கேட்டு என் பெயரை அரிசியில் போட்டாய்?

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள். "யாரும் சாகல, யாரோ எனக்குச் சோறு போட்டிருக்காங்க" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

என் பெயருக்கு எடுத்த அரிசியை இப்போது நீயே தின்கிறாயாம். அப்படியென்றால் நீ படிக்கும்போதும் உனக்குச் சோறு போட்டது நான்தான். அங்கே போயும் நான்தானா? நல்ல ஆண்டவர். கணக்கெழுத என்னைத்தான் கண்டுபிடித்தார்.

ஒழுங்காகக் கேள். என்னை அதிலிருந்து எடுத்துவிடு. நான் நாலாவதாக இருந்து ஒரு மனிதனின் காலைப் பறித்தேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். உன் வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது, அதற்காகப் பாறையைத் தள்ளிவிடுகிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

இதை எழுதிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தேன். மறுபடி எழுந்து எழுதுகிறேன்.

விபத்து நாளிலிருந்து மூன்றுதான் எடுக்கிறேன் என்கிறாய். அப்படியானால் ஒரு மாதமாக என் பெயரை யாரும் சொல்லவில்லையா?

எனக்கு அம்மா போனபிறகு என் பெயரைச் சொல்ல ஒருத்தர் இருந்தார் என்பதே இந்த வாரம்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே அது நின்றுபோனதும் தெரிந்தது. சிரிப்பாக இருக்கிறது, போ.

வேலை விஷயமாக மேலாளர் கேட்டார். பெட்டியைத் திற.

கும்ஜா

•

ஹுக்கோல்
28 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. மாதத்தின் நடுவில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உன் கடிதம் அதற்கு முந்தின நாள்தான் வந்தது. 'ஒரு மாதமாக என் பெயரை யாரும் சொல்லவில்லையா' என்ற வரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷன் அன்று காலை அரிசிப் பானையைத் திறந்தேன். அவர் பெயருக்கு, சுஜினுக்கு, எனக்கு. கை நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டு அங்கேயே முழங்காலிட்டேன். 'ஆண்டவரே, நான் என் அக்காவைக் கைவிட்டால்தான் என் புருஷன் பிழைப்பார் என்றால், அப்படிப்பட்ட பேரம் உம்முடையதாக இருக்காது. அது வேறு யாருடையதோ. நான் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.' இவ்வளவுதான் சொன்னேன். எழுந்து நாலாவது கரண்டியை எடுத்தேன். பாதி தரையில் கொட்டிவிட்டது. குனிந்து பொறுக்கினேன். உன் பெயரை இரண்டு தடவை சொல்லவேண்டியதாயிற்று.

கால் போய்விட்டது. நாலு எடுத்தேன், கால் போயிற்று. குழாயடிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலையும் நாலு எடுத்தேன், அக்கா. என் கை தயங்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பயம் அது சொன்னதைச் செய்து முடித்துவிட்டது, நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். நான் தனியாக நிற்கவில்லை என்பதும் அந்தச் சமையல் மூலையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உனக்கு அதை எப்படிச் சொல்வது? நீ ரயிலில் தூங்கி என் தோளில் சாய்வாயே, அந்த எடை மாதிரி. பார்க்கவேண்டியதில்லை, தெரியும்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் மல்சுன் அம்மா. வாங்கின சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

"மறுபடியும் நாலா?" என்றாள். "உனக்குப் பைத்தியமா, இல்ல நெஞ்சு கல்லா?"

"நாலாவது எங்க அக்கா பேருக்கு" என்றேன்.

"என்ன பேரு?"

"கும்ஜா."

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வந்தது பாரு ஓர் அழுகை. "எங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கு நான் மூணே கரண்டிதான் வச்சேன். செருப்பை உள்ள பார்த்துத்தான் வச்சேன். சாப்பாட்டு டப்பாவச் சிவப்புத் துணியிலதான் கட்டினேன். ஒண்ணு விடாம எல்லாம் சரியாச் செஞ்சேன், யொன்ஜு! அப்புறம் ஏன் போனாரு? உங்க வீட்ல நாலு எண்ணினப்போ எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்போ காரணம்னு ஒண்ணு இருக்குது, நாமதான் தப்பு பண்றோம், பண்ணலைன்னா சாகமாட்டாங்கன்னு... உன்னைத் திட்டினா எனக்குத் தூக்கம் வந்துச்சு."

நிலக்கரியிலிருந்து கல் பொறுக்குகிற கொட்டகையில் அவளுக்கு வேலை; புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்குக் கம்பெனி தருகிற வேலை அதுதான். சங்கு ஊதிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவள் வீட்டு வாசலைக் கடந்தேன். உள்ளே ஏதோ உரசுகிற சத்தம். கதவைத் தள்ளினேன். மூன்று வயது மல்சுனை, பிள்ளையை முதுகில் கட்டுகிற துணியால் இடுப்பில் கட்டி, கதவு வளையத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள் அவள் அம்மா. அடுப்புக்குப் போகமுடியாத தூரம், கிண்ணத்துக்கு எட்டுகிற தூரம். கிண்ணத்தில் உருளைக்கிழங்கு. என்னைப் பார்த்ததும் அழவில்லை. பாதி தின்ற கிழங்கை என்னிடம் நீட்டினாள், விருந்தாளி வந்தால் கொடுக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கொட்டகையில் வேலை செய்கிற எல்லாருடைய பிள்ளைகளும் இப்படித்தானாம். மூன்று வருஷமாக இதே வரிசையில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. என் ஜன்னலை விரலளவு திறந்து வைத்து என் பிள்ளையின் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்லூரியில் நான் என்ன படித்தேன், அக்கா? சின்னக் குழந்தைகளின் கல்வி. நீ மயிர் கோத்து வாங்கிக் கொடுத்த படிப்பு. எதற்கு இதைக் கொடுத்தீர் என்று ஆண்டவரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன். பதில் பக்கத்து வீட்டில் இடுப்பில் துணியோடு உட்கார்ந்திருந்தது. முடிச்சை அவிழ்த்து அவளைத் தூக்கிக்கொண்டேன். முதுகில் சுஜின், இடுப்பில் மல்சுன். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "ஒரு கால் போச்சு, ஒரு பிள்ளை வந்துச்சா?" என்றார் சுஜின் அப்பா.

ஆலயத்தில் காணிக்கை அரிசி வைக்கிற அறையில் தரை சூடேற்றும் அடுப்பு இருக்கிறது. அதைக் கேட்டேன். மூப்பர் பே குதித்தார். "அரிசி வைக்கிற எடத்துல பிள்ளைங்களா? மூத்திரம் போனா?"

உபதேசியார் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் மூப்பரே, நீங்க பிறந்ததுலேர்ந்தே போனதில்லையா?" என்றார். அறை கிடைத்துவிட்டது.

இப்போது பிள்ளைகள் காலையில் வருகிறார்கள், மாலைச் சங்கு ஊதியதும் போகிறார்கள். முதல் நாள் முழுக்க அழுகை. இரண்டாம் நாள் ஒருவன் மூப்பரின் செருப்பைக் கிம்ச்சிப் பானையில் போட்டான். மூப்பர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆண்டவரிடம் நீண்ட நேரம் சொன்னார்.

சுஜின் அப்பாவுக்கு சுரங்க விளக்குகள் கொடுக்கிற அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. கட்டைக்கால் பழகினபிறகு. ஆகவே வீடு இருக்கும்.

உன் மாலைப் பள்ளிக்கு நான் வரமாட்டேன், அக்கா. பெட்டியைத் திறந்தேன், நீ சொன்னபடியே. அதில் மல்சுன் தூங்குகிறாள்.

கோபித்துக்கொள். ஆனால் உன் பெயரை இப்போது தினமும் சொல்கிறேன்.

யொன்ஜு

•

கூரோ
14 ஜனவரி 1975

யொன்ஜு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைச் சுவரில் எறிந்தேன். அலுமினியம். ஒடுங்கினதோடு சரி.

மேலாளரிடம் போய் என் தங்கை வரமாட்டாள் என்று சொன்னேன். ஏன் என்றார். "அவளுக்கு அங்கே வேலை இருக்கு" என்றேன். சொன்னபிறகுதான் கவனித்தேன், பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்விகள். கட்டைக்காலுக்கு அளவெடுத்தார்களா? முட்டிக்குக் கீழே உரசாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கவேண்டும், மெல்லிய துணியில், தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி. அளவு அனுப்பினால் நான் தைத்துத் தருவேன். ஊசிப் பிடிப்பில் என்னை மிஞ்ச அந்த மலையில் ஆள் இருக்காது. அந்தப் பிள்ளைகள் என்ன உயரம்? கரித்தூளில் துணியெல்லாம் பாழாகும். மேலே போட்டுக்கொள்ள அங்கி தைக்கலாம். தொழிற்சாலையில் வெட்டின துணித் துண்டு கிடக்கிறது, கேட்டு வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. சிரித்தால் கொன்றுவிடுவேன்.

அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை அரிசி களையப் போனேன். ஒரு கரண்டி எடுத்தேன். அறைக்கூட்டாளி இரண்டு பேரும் பார்த்தார்கள். "என்னக்கா, குருவிக்கா?" என்றாள் ஒருத்தி. "ஆமாம், ஒத்தைக்கால் குருவிக்கு" என்றேன். விக் பொட்டலம் கட்டுகிற பையில் போட்டேன். எனக்கு ஜெபம் எல்லாம் வராது. 'தொக்சு' என்றேன், அவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவரிடம் சொல்லவேண்டியதை அரிசிப் பையிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து நிறுத்தவில்லை. இப்போது அதோடு உன் பெயர், சுஜின், அந்தக் கிழங்கு நீட்டின பெண். நாலா என்று நீ எண்ணுவாய். எண்ணிக்கொள். எனக்குப் பயம் இல்லை, நான் இருப்பது மூன்றாவது மாடி, பாறை எதுவும் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. அம்மா கஞ்சி அரிசியில் கரண்டி எடுத்தபோது என் பங்கைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். இப்போது நானே எடுக்கும்போது பானை குறைந்த மாதிரி தெரியவில்லை. வீட்டில் ஆள் கூடின மாதிரி இருக்கிறது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இதை நான் ஆண்டவர் என்றெல்லாம் சொல்லமாட்டேன். நீ சொல்லிக்கொள்.

பை நிரம்பிவிட்டது. இங்கே எந்தச் சர்ச்சுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. தபாலில் அனுப்பினால் எலி தின்னும்.

சந்திரப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலை மூடுகிறார்கள். நான் வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ரயில் எப்படி என்று சும்மா கேட்கிறேன்.

கும்ஜா

•

ஹுக்கோல்
23 ஜனவரி

அன்புள்ள அக்கா,

இதுவும் ராத்திரிக் கடிதம்தான். ஆனால் இன்று பயத்தில் விழித்திருக்கவில்லை. மூன்று பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இரவு ஷிப்ட், அதனால் பிள்ளைகள் என் வீட்டில் வரிசையாகத் தூங்குகிறார்கள். ஜன்னல் விரலளவு திறந்திருக்கிறது; அந்தப் பழக்கம் போகாது, போகவும் வேண்டாம். எல்லார் மூச்சும் கேட்கிறது. ஒருத்தி குறட்டை.

நீ சும்மா கேட்ட ரயில்: சியோல் கிழக்கு நிலையத்தில் இரவில் ஏறினால் விடியும்போது இங்கே இறங்கலாம். பனி கருப்பாக இருக்கும், பயந்துவிடாதே. நிலையத்திலிருந்து மேடு ஏறவேண்டும். உன் பழைய செருப்போடு வந்தால் வழுக்கும்.

சுஜின் அப்பாவிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'தொக்சு' என்ற இடம் வந்ததும் "மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். பிறகு, "பெரிய அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு கால்தான் ஆச்சு. இன்னொண்ணும் போயிருந்தா மாப்பிள்ளைன்னே கூப்பிட்டிருப்பாங்க" என்றார். சிரித்தபடிதான் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அளவை இத்துடன் வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் உயரத்தை நூலில் எடுத்து, ஒவ்வொரு நூலிலும் பெயர் கட்டியிருக்கிறேன். சிக்காமல் பிரி.

அரிசிப் பையை இங்கே கொண்டுவா. பிள்ளைகளின் மதியச் சோற்றில் அதைக் கலக்கவேண்டும் என்று உபதேசியார் அம்மா சொல்கிறார். சியோல் அரிசி சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குழைந்தும் குழையாமலும் நிற்கும். மூப்பர் பே வீட்டு அரிசிக்குத் துணை கிடைக்கும்.

நீ வரலாம் என்று நான் குழாயடியில் வாய்விட்டிருக்கக்கூடாது. மல்சுன் அம்மா நேற்று புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். உள்பக்கம் பார்த்து. "இதெல்லாம் உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். ஆனா உங்க அக்கா திரும்பிப் போயிடக் கூடாதுல்ல" என்றாள். "ஆண்டவரே கூட்டிட்டு வருவாரு" என்றேன். "வரட்டும், வந்தா அவங்க காலுக்கு என்ன போடறது?" என்றாள். செருப்பை அப்படியே விட்டுவிட்டேன். இன்று காலை அதன்மேல் பனி விழுந்திருந்தது. துடைத்து, வைத்த மாதிரியே வைத்தேன்.

இந்த வருஷம் நமக்குக் கால் போயிற்று, தூக்கம் போயிற்று, நான் பெரிதாக நினைத்திருந்த என் புத்திசாலித்தனமும் போயிற்று. ஆனாலும் விடிந்தால் எனக்கு எங்கே போகவேண்டும் என்று தெரிகிறது. இதற்கு முன் ஒருநாளும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. நாளைக் காலையும் அரிசிப் பானையைத் திறப்பேன். பெயர்கள் இப்போது நிறைய. உன் பெயரை இன்னும் நாலாவதாகத்தான் சொல்கிறேன். அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

எந்த ரயிலில் வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது, அக்கா.

உன் தங்கை
யொன்ஜு